ஐபு சொல்லும் மதார்

ஆட்டுச் சந்தையில் உண்மை பேசுகிறவன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். எதை ஒளிக்க இதைச் சொல்கிறான் என்று ஆட்டை இன்னொரு முறை சுற்றி வருவார்கள். லப்பைக்குடிக்காடு மதாரின் ஆடுகளையும் ஆரம்பத்தில் அப்படித்தான் சுற்றி வந்தார்கள். மதார் விலைக்கு முன்னால் குறையைச் சொல்லிவிடுவார்.

"வலது கண்ணுல பூ விழுந்திருக்கு, கிட்ட வந்து பாரு. பின்னங்கால் ஒண்ணு லேசா இழுக்கும். ஐபு சொல்லிட்டேன். இப்பக் கையக் கொடு."

ஐபு என்றால் குறை. மதார் வீட்டுச் சொல்தான். நாளடைவில் சந்தைக்கே பொதுவாகிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய தரகர்கள்கூட "ஐபு உண்டாய்யா?" என்றே கேட்டார்கள். கையைக் கொடு என்பது விலை பேச. எங்கள் பக்கத்தில் ஆட்டு விலை வாயில் பேசப்படுவதில்லை. இரண்டு கைகள் ஒரு துண்டுக்கடியில் போகும், விரல்கள் விரல்களைப் பிடிக்கும், முகங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை இல்லாமல் வியாபாரம் முடிந்துவிடும்.

ஐபு சொன்னதால் மதாருக்கு அந்த ஒரு ஆட்டின் விலை குறைந்தது. மற்ற எல்லா ஆட்டின் விலையும் கூடியது. அவர் ஒன்றும் சொல்லாமல் நீட்டுகிற கயிற்றை, பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிப் போனார்கள். அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

அவருடைய மகள் மர்ஜியாவுக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பானைமேல் வைப்பாள். பேச்சு வராது என்று சொல்ல முடியாது. அவள் பேச்செல்லாம் பஸ்ஸிலிருந்து வந்தது. பெரம்பலூர்–அரியலூர் வண்டியில் ஒரு நாள் போய்வந்த பிறகு கண்டக்டரின் குரல் அவளுக்குள் குடியேறிவிட்டது. மகிழ்ச்சி வந்தால் கரகரத்த தொண்டையில் "அரியலூர் அரியலூர் அரியலூர்!" என்பாள். வெளியே போகவேண்டுமானால் "போலாம் ரைட்!"

அந்த மொழியை முதலில் படித்தவள் அவள் அம்மா பாத்திமா பீவி.

"'படியில நிக்காதீங்க, உள்ள போங்க'ன்னா என்னா தெரியுமா?" என்று ஒரு நாள் மதாரிடம் சொன்னாள். "ஆளுங்க நெருக்கி நின்னா அதச் சொல்லுது. தள்ளி நில்லுங்கங்குது, அம்புட்டுதான்."

"நீயா அர்த்தம் வச்சுக்கிறே."

"உங்க விரலுக்கு அர்த்தம் யாரு வச்சா?"

மதார் தன் விரல்களை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பெரம்பலூரில் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர், மர்ஜியாவைத் தரையில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார்: ஆட்டிசம்.

"அது என்னா சீக்குங்க?" என்றாள் பாத்திமா.

"சீக்கு இல்லம்மா. பொறக்கும்போதே மூளை வேற விதமா வேலை செய்யுது. நமக்குச் சாதாரணமாத் தெரியற சத்தம் இவளுக்கு இடியாட்டம் இருக்கும். மருந்து குடுத்து மாத்துற விஷயம் இல்ல. பழக்கணும், பேச வைக்கணும். பஸ் பேச்சுப் பேசுறாள்ல, அதான் அவ வாசக்கதவு. அதை மட்டும் சாத்திடாதீங்க."

மதார் நல்ல வியாபாரி. கேட்ட சரக்கை இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வராது. அடுத்த சந்தையில் டீ ஆற்றிக்கொண்டே கூட்டாளித் தரகர் ராஜதுரையிடம் சொன்னார்.

"புள்ளைக்கு ஆட்டிசமாம், தொரை."

ராஜதுரை டம்ளரைக் கீழே வைத்தார். "ஆட்டு... என்னா?"

"ஆட்டிசம்."

"ஆட்டுலேருந்து வர்றதா பாய்?"

"அடச்சீ, ஆட்டுக்கும் அதுக்கும் என்னாய்யா!"

"பேருலயே ஆடு நிக்குதே. நீங்க பொறந்ததுலேருந்து ஆட்டோட கெடக்கிறவரு. கோழிக்குக் காய்ச்சல் வந்து மனுசனுக்குத் தொத்துலயா? பன்னிக்கு வந்து தொத்துலயா? இப்ப ஆட்டோட மொறை."

உலகம் தெரிந்தவன் செய்கிற தப்பு இது. செய்தித்தாள் படிக்காதவனுக்கு இது தோன்றியிருக்காது. ராஜதுரை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். பயம் சந்தையில் துண்டுக்கடியில் போவதில்லை, வாய்விட்டே போகும். அடுத்த வாரம் மதாரின் ஆடுகளை எட்ட நின்று பார்த்தார்கள். அவரிடம் கையைக் கொடுக்க ஒருவன் துண்டை முதலில் தன் விரல்களில் சுற்றிக்கொண்டான். மர்ஜியா படிக்கிற பள்ளியின் வாசலில் இரண்டு தாய்மார் டீச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் பாத்திமாவிடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாளு வூட்லயே வச்சிருங்களேன், ஊர்ப் பேச்சு அடங்கட்டும்" என்றார்.

அந்த நேரம்தான் பாத்திமாவின் தம்பி முகமது ஆசிக் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஆலோசனையைத் திறந்தான்.

"மச்சான், சரக்கு போகலன்னா பேர மாத்துவீங்களா மாட்டீங்களா?"

"என்னாடா சொல்ற?"

"ஆட்டிசம்ங்கிற பேரு ஊருக்குப் புதுசு. புதுசுன்னா பயம். ஊமைன்னு சொல்லிருங்க. ஊமைய ஊருக்குத் தெரியும். பாவம்னு ஒரு வாழப்பழம் குடுக்கும், போயிரும்."

"அவ பேசுறாளேடா" என்றாள் பாத்திமா.

"அது பேச்சாக்கா? வெளிய பேசாமப் பாத்துக்க. அவளுக்கு நல்லதுக்குத்தானே சொல்றேன்? பள்ளிக்கூடம் போகணுமா வாணாமா?"

பாத்திமா கணவனைப் பார்த்தாள். எந்த ஆட்டின் குறையையும் மறைக்காத மனிதர் அன்று வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். கடைசியில், "புள்ள படிக்கட்டும்" என்றார்.

ஊமை என்ற சொல் வெண்ணெயாக இறங்கியது. டாக்டர் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டாராம், பிறவி ஊமைதானாம் என்று ராஜதுரையே சந்தை முழுக்கச் சொல்லி, தானே கண்டுபிடித்ததுபோல நிம்மதியடைந்தார். துண்டு பழையபடி விரிந்தது. பள்ளிக்கூடத்தில் மர்ஜியாவுக்குக் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. பழக்கடைக்காரர் வாழைப்பழம் கொடுத்தார். ஆசிக் சொன்னதில் ஒரு பழம்கூடக் குறையவில்லை.

அதற்குப் பிறகு யாரும் மர்ஜியா என்று கூப்பிடவில்லை. ஊமைப்புள்ள என்றார்கள்.

பொய்யைச் சொன்னவர் மதார். அதைக் கட்டிக் காக்கிற வேலை பாத்திமாவுக்கு வந்தது. தெருவில் போகும்போது பஸ் ஹாரன் கேட்டால் மகளின் உடம்பு துள்ளும், வாய் திறக்கும். அதற்குள் பாத்திமாவின் கை போய் மூடிவிடும். பள்ளிக்கு அனுப்பும்போது உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டுவாள். வீட்டுக்குள் பேசட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் எந்த இடத்தில் குரல் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான்: குரல் வந்தால் கை வரும். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினாள். பிறகு பார்க்காமலே மூடிக்கொண்டாள். வீட்டிலும் அரியலூர் நின்றுபோனது. மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

மறுபடி பெரம்பலூர் போனபோது டாக்டரம்மா, "பஸ் பேச்சு எங்கம்மா?" என்று கேட்டார். பாத்திமா முந்தானையால் மகளின் மணிக்கட்டை மூடினாள். மதார் ஜன்னலைப் பார்த்தார். துண்டுக்கடியில் விலை படியாதபோது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

திரும்பும் வழியில் பாத்திமா சொன்னாள். "உள்ளதும் போச்சு."

"கொஞ்ச நாளுல வந்துரும்."

"கண்ணுல பூ விழுந்த கெடாவுக்கு நாக்கு வருது உங்களுக்கு. இதுக்கு வர மாட்டேங்குது."

 பிள்ளையின் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று மதாருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடமும் சந்தையும் போகும் என்றும் தெரியும். வியாபாரி ஆயிற்றே, பக்ரீத் கழியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

பக்ரீத்துக்கு முந்தின சந்தை வருஷத்திலேயே பெரியது. பண்டிகையன்று குர்பானியாக அறுக்கிற ஆட்டில் ஐபு இருக்கக் கூடாது. கண் சரியாக, கால் சரியாக, கொம்பு முறியாமல் இருக்கவேண்டும். அதனால் அந்த வாரம் மதாரின் வாய்க்கு இருக்கிற மதிப்பு மற்ற வாரங்களில் இல்லை. திருச்சியிலிருந்து மொத்தமாக வாங்க வருகிறவர்கள் நேராக அவரிடம் வருவார்கள். பள்ளி விடுமுறை. ஆசிக் துபாய்க்குத் திரும்பிவிட்டான். மகளை விட்டுவர வீட்டில் ஆள் இல்லாததால், சோற்றுத் தூக்கோடு பாத்திமா அவளையும் அழைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தாள்.

மர்ஜியா பட்டியின் ஓரத்தில் கொடியாட்டு இனத்துக் கெடா ஒன்றின் விலாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அது அசை போடுகிற அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டாலும் முகம் அமைதியாக இருந்தது. மதார் திருச்சிக்காரரின் கையோடு கை சேர்த்துத் துண்டைப் போட்டிருந்தார்.

அப்போது சாலையில் அரியலூர் வண்டி வந்து நின்றது.

கண்டக்டர் இறங்கவில்லை, கூவவும் இல்லை. ஏறுகிறவர்களைப் பார்த்துச் சும்மா நின்றார். யாரோ செய்ய மறந்த வேலையைச் செய்வதுபோல மர்ஜியா எழுந்து நின்றாள்.

"அரியலூர் அரியலூர் அரியலூர்ர்ர்!"

அத்தனை மாதம் அடைத்துவைத்திருந்த குரல். ஆட்டுச் சத்தத்தைத் தாண்டிச் சாலை வரைக்கும் போனது. பாத்திமாவின் கை எழுந்தது, தாமதமாக எழுந்தது.

முதலில் ராஜதுரைதான் கத்தினார். "யோவ்! ஊமைப்புள்ள பேசிருச்சுய்யா!"

அவ்வளவுதான். கயிற்றை விட்டவர்கள், கயிற்றோடு வந்தவர்கள், டீ டம்ளரோடு வந்தவர்கள் எல்லாரும் பட்டியைச் சூழ்ந்தார்கள். "அல்லாவே!" என்றது ஒரு குரல். "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றது இன்னொன்று. எந்த வாசலில் நேர்ந்துகொண்டீர்கள் என்று ஒருத்தி பாத்திமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொருத்தி குழந்தையின் கன்னத்தைப் பிடித்து, "அம்மான்னு சொல்லு தாயி, அம்மா சொல்லு" என்றாள். யாரோ தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மதாரின் கை இன்னும் துண்டுக்கடியில் இருந்தது. திருச்சிக்காரரின் விரல்கள் திடீரென்று உயிர்பெற்றன. அவர் முகம் எங்கோ பார்த்தது, உதடு மட்டும் அசைந்தது: "புள்ள சாஞ்சிருந்துச்சே, அந்தக் கெடா. எங்க மொதலாளி ஹாஜியாருக்கு வேணும்." விரல்கள் சொன்ன விலை ஒரு ஆட்டின் விலை அல்ல. அற்புதத்தின் விலை.

மதார் பதில் விரல் கொடுத்தால் போதும். ஊமை என்ற பொய் யாருக்கும் தெரியாமல் அற்புதமாக முடிந்துவிடும். இனி பிள்ளை எங்கே பேசினாலும் ஊர் கொண்டாடும். பள்ளிக்கூடம் இருக்கும், சந்தை இருக்கும். இப்படி ஒரு பேரம் எந்த வியாபாரிக்கும் வாழ்நாளில் படியாது.

கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல், உடைந்துகொண்டே வந்தது.

"படியில நிக்காதீங்க... உள்ள போங்க... படியில நிக்காதீங்க..."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. "கண்டக்டராட்டமே பேசுதுய்யா! இன்னொருக்காச் சொல்லு!" இன்னும் நெருங்கினார்கள். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அதையே சொன்னாள், மறுபடி மறுபடி, அலறலாக. பாத்திமா ஆட்களைத் தள்ளமுடியாமல் தள்ளிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அந்தச் சந்தையில் இரண்டே பேர்.

மதார் கையை உருவிக்கொண்டார். துண்டு மண்ணில் விழுந்தது.

"தள்ளுங்க!" என்று கத்தினார். அவர் சந்தையில் கத்தி யாரும் கேட்டதில்லை. "தள்ளி நில்லுங்கய்யா! அதத்தான் புள்ள சொல்லுது. தள்ளி நில்லுங்கன்னுதான் சொல்லுது!"

ஆட்கள் கொஞ்சம் விலகினார்கள். பாத்திமா மகளை இழுத்து மடியில் போட்டு இறுக்கி அணைத்துக்கொண்டாள். மெல்லத் தடவினால் அவளுக்கு ஆகாது, இறுக்கினால்தான் அடங்குவாள்.

"என் புள்ள ஊமை இல்ல" என்றார் மதார். "எப்பவும் ஊமை இல்ல. நான்தான் அப்படிச் சொன்னேன். இங்க அற்புதம் ஒண்ணும் நடக்கல. அவளுக்கு ஆட்டிசம். டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. ஆட்டுக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல. தொத்தாது. சத்தமும் கூட்டமும் அவளால தாங்க முடியாது. பஸ்ஸுல கேட்டதத்தான் பேசுவா. அதான் அவ பேச்சு. அத நாங்க வாயப் பொத்திப் பொத்தி நிறுத்திப்புட்டோம்."

 அற்புதம் கைநழுவிப் போன கோபம் முகங்களில் தெரிந்தது.

திருச்சிக்காரர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "அப்ப நீங்களும் பொய் சொல்வீங்க பாய்."

"சொன்னேன்."

"உங்க கெடாவுக்கு ஐபு இல்லேன்னு இனிமே எப்படி நம்புறது? குர்பானிச் சமாச்சாரம்." அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பட்டிக்குப் போய்விட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்வியை வேறு நாலு பேரும் வாய் திறக்காமல் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

ராஜதுரை மட்டும் நின்றார். அவருக்குத்தான் அதிகமாக வலித்தது. பொய்யை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

"நொண்டி ஆட்டுக்கெல்லாம் ஐபு சொன்னீங்க. சொந்தப் புள்ளையோட ஐபுவ எங்கிட்ட மறைச்சிட்டீங்களே பாய்."

மதார் குனிந்து துண்டை எடுத்து உதறினார். தோளில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"விக்கிற சரக்குக்குத்தான்யா ஐபு" என்றார் மெதுவாக. "புள்ளைய நான் விக்கவா வந்தேன்? சரக்குன்னு நெனச்சதாலதான் மறைச்சேன். மறைச்சதுதான் ஐபு. அது என்னோடது, அவளோடது இல்ல."

ராஜதுரை மீசையைத் தடவிக்கொண்டே நின்றார். "என்னமோ சொல்றீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பட்டிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று, பட்டியோரம் எட்டிப் பார்த்த இரண்டு விடலைகளை, "இங்க என்னாடா வேடிக்க? தள்ளிப் போங்கடா" என்று விரட்டினார். அதற்கு மேல் அவரால் அன்றைக்கு முடியவில்லை.

வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்தபோது மதாரின் ஆடுகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. அரும்பாவூரிலிருந்து இரண்டு குட்டிகளை ஓட்டிவந்த முத்தாயி என்ற பெண் அதுவரை எதிர்ப்பக்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். குட்டிகள் விற்றும் அவள் கிளம்பவில்லை. இப்போது எழுந்து வந்து பாத்திமாவுக்குக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

"அது என்னா பேரு சொன்னாங்க உங்க வூட்டுக்காரரு?"

"ஆட்டிசம்."

"ஆட்டிசம்" என்று சொல்லிப் பார்த்தாள். "எங்க வூட்லயும் ஒருத்தன் இருக்கான். மவன். மீசை மொளச்சிருச்சு. இப்படித்தான், காதப் பொத்துவான். ஆளக் கண்டா கொட்டாய்க்குள்ள போயிருவான். பித்துன்னு சொல்லி உள்ளயே வச்சிருக்கோம். ஆரு வூட்டுக்கும் போறதில்ல நான். கல்யாணங்காச்சிக்குக்கூட." மர்ஜியாவைப் பார்த்தாள். "அவன் டிவியில வர்ற விளம்பரத்த அப்புடியே சொல்லுவான்மா. நாங்க அடிப்போம், வாய மூடுன்னு."

பாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மா இவ்வளவு பெரிய புள்ளையெல்லாம் பாப்பாங்களா?"

"கூட்டிட்டு வாங்க. நானும் வரேன்."

பக்ரீத்துக்குப் பிறகு பள்ளி திறந்தது. பாத்திமா டீச்சரிடம் தானே போய் அந்தச் சொல்லைச் சொன்னாள். டீச்சர் யோசித்துவிட்டு, கடைசி பெஞ்சு வேண்டாம், ஜன்னலோரம் உட்காரட்டும் என்றார். ஒரு தாய் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனாள். மதாரிடம் வாங்குகிறவர்கள் இப்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அவர் பொறுமையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் மர்ஜியா பேசவில்லை. சந்தையில் கேட்டதுதான் கடைசியாக இருந்தது. வாயைப் பொத்தின கையை ஊருக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குள் இருந்த கையை எப்படி எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. "காத்திருங்க. அவளைப் பஸ் கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

அதனால் சாயங்காலங்களில் மூவரும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்கள், எங்கும் போகாதவர்களாக. வண்டிகள் வரும், போகும். தெரிந்தவர்கள், "எங்க பாய் பயணம்?" என்பார்கள். "பஸ்ஸப் பாக்க" என்பார் மதார். சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் அரியலூர் வண்டி கூட்டமில்லாமல் வந்தது. மர்ஜியாவின் உடம்பு துள்ளியது. வாய் பாதி திறந்தது. திறந்த வாயோடு அவள் திரும்பினாள். வண்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள்.

பாத்திமாவின் கை பழக்கத்தில் மடியிலிருந்து எழப் பார்த்தது. மதார் தோள் துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு, அடியில் தன் கையைக் கொடுத்து விரல்களைப் பிடித்துக்கொண்டார். முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பாத்திமாவின் விரல்களும் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டன.

மர்ஜியா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், வண்டி புறப்பட்டது, புகை கலைந்தது, சாலை வெறுமையானது. அதற்குப் பிறகும் அது எழவில்லை.

"போலாம்" என்றாள் மர்ஜியா. மூச்சுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு சத்தம். மறுபடி துண்டைப் பார்த்தாள்.

"போலாம் ரைட்."

மூவரும் எழுந்தார்கள்.